அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர்களின் முதுமை

கேள்வி: கோயம்புத்தூர் வாசகர், 9 பிப்ரவரி 2025

சிங்கப்பூரில் பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது வழக்குப் போடச் சட்டமே இருக்கிறதாம். ஜப்பானில் தனியாக இருந்த முதியவர் இறந்தது பல நாள் கழித்துத்தான் தெரிகிறது. கொரியாவில் பிள்ளையே பெற்றுக்கொள்வதில்லை. ஆசியா மூப்படைகிறது என்று ஆயிரம் பொருளாதாரக் காரணம் எழுதுகிறார்கள். எனக்குப் படுவது ஒன்றுதான், பிள்ளைகளுக்குப் பாசம் விட்டுப்போச்சு. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள், நான் நினைப்பது தப்பா?

9 பிப்ரவரி, இரவு 11.40

தப்புதான். சிங்கப்பூரில் தோ பாயோ பகுதியில் எட்டாவது மாடி வீட்டில், அம்மா தூங்கும் அறை வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு 81 ஆகப்போகிறது. ஏழு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் புளோக்கில் எனக்குத் தெரிந்து என்னைப் போல் இன்னும் நாலு பேர். நாலு பேரும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள், நாலு பேரும் வேலையை விட்டவர்கள். ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர், இரண்டு பேர் நம்மவர்கள்.

நீங்கள் சொன்ன சட்டம் உண்மை. வால்டர் வூன் என்ற நியமன நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்து 1995ல் நிறைவேறியது. 60 வயது தாண்டிய, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். எடுத்ததும் வழக்கு இல்லை. முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள், அதில் முடியாவிட்டால்தான் நடுவர் மன்றம். அப்புறம் இன்னொன்று, இந்தியாவிலும் 2007லிருந்து இதே போன்ற சட்டம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம்.

10 பிப்ரவரி, அதிகாலை 5.20

நேற்றுக் கோபத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அம்மா மூன்று மணிக்கு எழுந்து "ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று செருப்பைத் தேடினார். முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். வேலைக்குக் கிளம்புகிறாரா, என்னைப் பள்ளிக்கு அனுப்பக் கிளம்புகிறாரா என்று எனக்கே பல நாள் தெரிவதில்லை. எப்படியும் செருப்பை மாட்டிவிட்டு, கூடத்தில் இரண்டு சுற்று நடத்திக் கூட்டிவந்து படுக்க வைத்தேன்.

2018 ஏப்ரலில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பிய அம்மா பழைய அம்மாவாக இல்லை. மறதி அதற்கு முன்பே இருந்திருக்கிறது, வயசு ஆகுது என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஆகஸ்ட்டில் வேலையை விட்டேன். சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு, சம்பளம் 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எனக்கு 51 வயது. தம்பி பெர்த்தில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் வேலையை விடுவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. இத்தனை வருடம் கழித்து எனக்கு உறுத்துவது அதுதான், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முடிவானது.

மத்திய சேமநிதியில், உங்கள் ஊர் பிராவிடன்ட் ஃபண்ட் மாதிரி, சம்பளத்தில் 20 விழுக்காடு நாம் போட வேண்டும், 17 விழுக்காடு முதலாளி போடுவார். 3,200க்கு மாதம் 1,184 வெள்ளி. ஐந்து வருடத்துக்கு 71,040. அந்தப் பணம்தான் 65 வயதிலிருந்து மாதாமாதம் எனக்குத் திரும்பி வந்திருக்க வேண்டியது. நாட்டில் பேசப்படுவதெல்லாம் அம்மாவின் முதுமை. என் முதுமை அதற்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது, அதை யாரும் எண்ணுவதில்லை.

10 பிப்ரவரி, மதியம்

"ஏன் வேலைக்கு ஆள் வைக்கவில்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வைத்திருக்கிறேன், 2021லிருந்து. அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போது நேரமில்லை.

12 பிப்ரவரி

ஒரு திருத்தம். 51லிருந்து 55 வரை நான்கு வருடம்தான். அதனால் 71,040 என்பது தவறு, 56,832 வெள்ளி. 55க்குப் பிறகு சேமநிதி விகிதம் குறைந்துவிடும், அதையும் வட்டியையும் நான் சேர்க்கவில்லை.

சுட்டிக்காட்டிய தஞ்சாவூர்க்காரருக்கு நன்றி. அவரே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "இதெல்லாம் பணக்கார ஊர்ப் பிரச்சினை, எங்களுக்கு வர இன்னும் காலம் இருக்கிறது." ஐயா, காலம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. இரண்டுக்குக் கீழே போயாகிவிட்டது. சிங்கப்பூர் 1970களிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே வந்தது, 2023ல் 0.97. எங்களுக்கு நடுவில் சம்பாதித்துச் சேர்த்து வைக்க நாற்பது வருடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகையை 2023ல் மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு தாத்தாவுக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் எத்தனை நாளைக்கு வாங்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

15 பிப்ரவரி

"இரண்டோடு நிறுத்தினது யார் குற்றம்?" என்று கேட்டவருக்கு. நான் 1967ல் பிறந்தேன், தம்பி 1970ல். 1972லிருந்து எங்கு பார்த்தாலும் சுவரொட்டி, ஆணோ பெண்ணோ இரண்டே போதும் என்று. மூன்றாவது பிள்ளைக்கு மேல் போனால் பிரசவச் செலவு கூடும், வீடு கிடைப்பதில் சலுகை போகும், பள்ளி இடத்திலும் பின்தள்ளப்படுவார்கள். அம்மா கருத்தடை செய்துகொண்டார். 1987ல் அதே அரசாங்கம், வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. அப்போது அம்மாவுக்கு 43 வயது. தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

சொன்ன பேச்சைக் கேட்ட தலைமுறைதான் இன்று இரண்டு பிள்ளைகளை, பல வீடுகளில் ஒரே பிள்ளையை, நம்பி உட்கார்ந்திருக்கிறது. இதில் பாசத்தை எங்கே அளப்பது?

16 பிப்ரவரி, அதிகாலை

தூக்கம் வரவில்லை. ஜப்பான் பற்றி எழுதியிருந்தீர்கள், அங்கே நடந்த ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

2007 டிசம்பர், ஐச்சி மாநிலத்தில் ஓபு என்ற ஊர். மறதிநோய் உள்ள 91 வயதுக்காரர், அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது 85 வயது மனைவி. அந்தம்மா சில நிமிடம் கண்ணசந்துவிட்டார். அதற்குள் அவர் வெளியே போய், தண்டவாளத்தில் இறங்கி, ரயில் மோதி இறந்துவிட்டார். ரயில் தாமதமானதற்கும் மாற்று ஏற்பாடு செய்ததற்குமாக 72 லட்சம் யென் இழப்பீடு கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தின் மீது வழக்குப் போட்டது. 2013ல் நகோயா மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் கட்ட வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் மனைவி மட்டும் பாதித் தொகை கட்ட வேண்டும் என்றானது. 2016 மார்ச் 1ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் இருவருக்கும் பொறுப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னது. எட்டு வருடத்துக்கும் மேலாக ஒரு கிழவி, கண்ணசந்த குற்றத்தைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

இந்தச் செய்தியைப் படித்த காலத்தில் நான் வேலையில் இருந்தேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு மறந்துவிட்டேன். 2020ல் ஒரு நாள் சோபாவில் நானும் அப்படித்தான் கண்ணசந்தேன். விழித்தபோது கதவு திறந்திருந்தது. அம்மா மின்தூக்கிக்கு முன்னால் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து கதவின் மேல்மூலையில் ஒரு சிறிய மணி தொங்குகிறது, லிட்டில் இந்தியாவில், தேக்காவில் பூசைச் சாமான் கடையில் வாங்கியது. அந்த மணிச் சத்தம் எந்தத் தூக்கத்திலும் எனக்குக் கேட்கும்.

16 பிப்ரவரி, மாலை

மின்தூக்கி என்றதும் நினைவு வருகிறது. எங்கள் புளோக்கில் முன்பெல்லாம் அது எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்பதில் இறங்கி ஒரு மாடி கீழே நடந்து வர வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த கடைசி வருடம், 1999, தம்பிதான் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவான். பிறகு மேம்பாட்டுத் திட்டம் வந்து எல்லா மாடியிலும் நிற்க வைத்தார்கள். சாலை கடக்கும் இடத்தில் மூத்தோர் அட்டையைத் தட்டினால் சிக்னலில் பச்சை மனிதன் கூடுதலாகச் சில விநாடி நிற்கும். முதல் தடவை தட்டியபோது அம்மா, "நம்ம போய்ச் சேர்ற வரைக்கும் நிப்பானா? நல்ல பிள்ளை" என்றார். நல்லது செய்திருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. கம்பி, படி, விளக்கு, கைப்பிடி என்று பொருளாக மாற்ற முடிந்ததையெல்லாம் இந்த ஊர் நன்றாக மாற்றியிருக்கிறது.

23 பிப்ரவரி

பணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. 2002ல் எல்டர்ஷீல்டு என்ற காப்புறுதி வந்தது, அம்மா அதில் இருந்தார். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாது என்று மதிப்பீடு ஆனால் மாதம் 300 வெள்ளி, 60 மாதத்துக்கு.

மதிப்பீட்டுக்கு மருத்துவர் வந்த அன்று அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, நல்ல புடவையைக் காட்டிக் கட்டிவிடச் சொன்னார். நாற்காலியிலிருந்து எழச் சொன்னதும் இரண்டு கையையும் ஊன்றி, முகமெல்லாம் சிவந்து, எழுந்துவிடப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் முயன்றார். "போதும்மா" என்று டாக்டர் தமிழிலேயே சொன்னார். அம்மா என்னைத்தான் பார்த்தார், தோற்றுவிட்டேனா என்பது மாதிரி. அந்தத் தோல்விக்குத்தான் 300 வெள்ளி.

60 மாதமும் 2023ல் முடிந்தது. அம்மாவின் தேவை முடியவில்லை. 2020ல் வந்த புதிய திட்டமான கேர்ஷீல்டில் இயலாமை இருக்கும் வரை பணம் வரும், ஆனால் அது 1980லோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்குத்தான் கட்டாயம். இப்போது வருவது, முன்னோடித் தலைமுறை என்று அரசாங்கம் சொல்லும் மூத்தவர்களுக்கான மாதம் 100 வெள்ளியும் வீட்டுப் பராமரிப்பு மானியமும். மீதி தம்பி அனுப்புவதும் என் சேமிப்பும்.

2 மார்ச்

நேற்று ஒருவர் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் தேடிப் படித்தேன். வேலையை விட்ட மகளுக்கு யாராவது சம்பளம் தருகிறார்களா?

ஜப்பானில் 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதானால் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். ஆனால் குடும்பத்துக்குக் கையில் பணம் தருவதில்லை, வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல்நேர நிலையம் என்று சேவையாகத்தான். காசு கொடுத்தால் மருமகளை வீட்டிலேயே கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று பெண்கள் அமைப்புகளே அப்போது எதிர்த்திருக்கின்றன. அப்படியும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்க வேலையை விடுகிறார்கள். அதைப் பூச்சியமாக்குவோம் என்று 2015ல் பிரதமர் அபேயின் அரசாங்கம் இலக்கே வைத்தது.

கொரியா 2008ல் இதே போன்ற காப்பீட்டைத் தொடங்கியது. அங்கே மகளோ மருமகளோ பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினால், சொந்த அம்மாவைப் பார்ப்பதற்கே ஊதியம் உண்டு. பொதுவாக நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு, மாதம் இருபது நாள்.

ஒரு மணி நேரம் என்பதைப் படித்து முதலில் எரிச்சல் வந்தது. மீதி இருபத்துமூன்று மணி நேரம் என்ன கணக்கு? பிறகு யோசித்தேன். ஒரு மணி நேரத்துக்காவது அது வேலை என்று ஒரு அரசாங்கம் ஒத்துக்கொள்கிறதே. எனக்கு அதுகூட வந்ததில்லை. ஜப்பான் பெண்கள் சொன்னதும் நியாயம்தான், என் வீட்டில் பேச்சே எழாமல் முடிவானது நினைவிருக்கிறது. இரண்டில் எது சரி என்று கேட்டால், சேவையும் வேண்டும், கூடவே வேலையை விட்டவருடைய சேமநிதிக் கணக்கில் மாதாமாதம் ஏதாவது விழவும் வேண்டும் என்பேன். கையில் தர வேண்டாம், கணக்கில் போட்டால் போதும்.

2 மார்ச், இரவு

கொரியாவைப் புகழ்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் வறுமையில் இருக்கிறார்கள். தேசிய ஓய்வூதியம் 1988ல்தான் தொடங்கியது, எல்லோருக்கும் விரிந்தது 1999ல். இன்றைய கிழவர்கள் பலர் அதில் சேரவே வழியிருக்கவில்லை. அவர்கள் தங்கள் பணத்தையெல்லாம் பிள்ளைகள் படிப்பில் போட்ட தலைமுறை.

சீனாவில் 2025 ஜனவரியிலிருந்து ஓய்வு வயதைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள், பெண் தொழிலாளிகளுக்கு 50லிருந்து 55. ஐம்பதில் ஓய்வு பெற்ற பாட்டிதான் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இனி வேலையில் இருந்தால் பிள்ளையை யார் பார்ப்பது, கொள்ளுப்பாட்டியை யார் பார்ப்பது?

9 மார்ச்

தள்ளிப்போட்டதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். தமிழ் பேசும் ஆள்தான் வேண்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து எடுத்தேன். காரணம் அம்மாவின் மொழி. ஆங்கிலம் கொஞ்சம், சந்தை மலாய் நிறைய, ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் சண்டை போடும் அளவுக்குப் பேசியவர். மறதி, கடைசியில் கற்றதை முதலில் எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் போனது, அப்புறம் ஹொக்கியன், அப்புறம் மலாய். இப்போது தமிழ் மட்டும், அதிலும் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தமிழ், அவர் அம்மா பேசியது.

பகல்நேர நிலையத்தில் எட்டு மாதம் விட்டுப் பார்த்தேன். நல்ல பிள்ளைகள்தான் அங்கே வேலை செய்தார்கள். ஆனால் பாட்டு சீனம், விளையாட்டு சீனம். அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நாலு மணி வரை உட்கார்ந்திருப்பார். ஒரு மலாய்ப் பாட்டி மட்டும் பக்கத்தில் வந்து அமர்வார். அவர் மலாயில் பேசுவார், அம்மா தமிழில் பதில் சொல்வார், இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்வார்கள். அந்தப் பாட்டி வராமல் போனதும் அம்மாவும் போக மறுத்துவிட்டார்.

அந்தப் பெண் வந்தபிறகு நான் இரவில் நாலு மணி நேரமாவது தூங்குகிறேன். அம்மா அவரைத்தான் "பாப்பா" என்று கூப்பிடுகிறார், என்னைப் பார்த்து "இந்தம்மா யாரு?" என்கிறார். முதலில் வலித்தது. இப்போது அவர் வாயால் யாராவது ஒருவரைப் பாப்பா என்று கூப்பிடுவதே போதும் என்றாகிவிட்டது.

இவருக்கும் ஊரில் ஒரு அம்மா இருக்கிறார். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அவரைப் பார்த்துக்கொள்வது இவருடைய பதினாறு வயது மகள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது அந்தப் பிள்ளை பாட்டிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே பேசும். பரீட்சை எப்படி என்று கேட்டால் திரையை விட்டு நகர்ந்துவிடும். நான் என் வேலையை விட்டேன், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விடப் பார்க்கிறது. என் அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ள இரண்டு நாட்டில் மூன்று பெண்கள்.

30 மார்ச்

பிப்ரவரி 10ஆம் தேதி நான் எழுதியதில் ஒன்றை மாற்ற வேண்டும். யாரும் எண்ணுவதில்லை என்றேன். 55 வயதைத் தாண்டி, சேமநிதியில் அடிப்படைத் தொகைகூடச் சேராதவர்கள் ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போட்டால் அரசாங்கமும் அதே அளவு போடும் திட்டம் 2021லிருந்து இருக்கிறது. 2025லிருந்து ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை, வாழ்நாளில் 20,000 வரை. நம் பெயரில் கூடப்பிறந்தவர்களும் போடலாம். இதைத் தனிமடலில் சொன்னவருக்கு நன்றி, எனக்குத் தெரியாமலே இருந்தது.

ஆனால் முதலில் போட 2,000 வெள்ளி கையில் வேண்டும். சம்பளம் இல்லாதவரிடம் அது எப்படி இருக்கும் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

14 ஏப்ரல்

தம்பி இந்த இழையை முழுக்கப் படித்திருக்கிறான். நான் அனுப்பவில்லை, அவனே தேடிப் படித்திருக்கிறான். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அக்கா, 2018ல் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றான். நானும் சொல்லியிருக்க வேண்டும்டா என்றேன். இந்த வருடத்து 2,000ஐ அவன் போட்டுவிட்டான்.

20 ஏப்ரல்

வீட்டுப் பெண்ணின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இரண்டு மாதம் ஊருக்குப் போய் மகளைப் பள்ளியில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அந்தச் சமயத்தில் எனக்குக் கண் அறுவை சிகிச்சை இருக்கிறது, அதற்காக மூன்று வாரம் அம்மாவை முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு தாதிமை இல்லத்தில் தற்காலிகமாக விட வேண்டும். இடம் கிடைத்திருக்கிறது. அங்கே தமிழ் தெரிந்தவர் இரவுப் பணியில் ஒருவர்தான்.

அதனால் ஒரு அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன், அம்மா கட்டிலுக்கு மேலே ஒட்ட. அம்மா சொல்லும் சொல் ஆங்கில எழுத்தில், பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம், என்ன செய்ய வேண்டும் என்று. தண்ணி. வலிக்குது. குளுருது. ஒண்ணுக்கு. விளக்க அணை. "ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றால் செருப்பை மாட்டிவிட்டு இரண்டு சுற்று நடத்திவிட்டுப் படுக்க வையுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். நேற்று வரை 31 சொல் ஆகியிருந்தது. "போதும்" விட்டுப்போயிருந்தது, இன்று காலை கஞ்சி ஊட்டும்போதுதான் நினைவுக்கு வந்தது, சேர்த்துவிட்டேன்.